நாலாம் ஜுரம்

கொறங்காட்டுவலசில் ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், தண்டபாணியின் மனைவி பூங்கோதை அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பால் குண்டாவைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தாள், இறக்கி வைத்துவிட்டு டம்ளர் எடுக்கத் திரும்பினாள், மோர் வாங்க வந்து அடுப்படி வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு ராமாத்தாள் "ஐயோ கை, ஐயோ கை" என்று கத்தினாள், எதற்காக இவள் கத்துகிறாள் என்று பூங்கோதைக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை, ரேகைகூட இல்லை. ராமாத்தாள் பக்கத்தில் வந்து விரலால் தட்டிப் பார்த்தாள், டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

அடுத்த அமாவாசைக்குள் அந்தக் கெட்டி ஓடு தோள்வரை ஏறியது, அதற்கடுத்த அமாவாசைக்குள் கழுத்து, முதுகு, இடுப்பு, தொடை, பாதம் என்று எல்லாம் மூடிக்கொண்டது. புளியங்கொட்டை நிறம், அதே வழவழப்பு. நெஞ்சு மூன்று தகடாகப் பிரிந்தது, வயிறு வளையம் வளையமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்தது, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருந்ததால் குனியவும் நிமிரவும் முடிந்தது, ஆனால் குனியும்போதெல்லாம் பழைய பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. முகம் மட்டும் கடைசிவரை முகமாகவே இருந்தது, அதிலும் ஒரு மெருகு ஏறி, சிரித்தாலும் அழுதாலும் அசையாது என்கிற பதத்துக்கு வந்து நின்றது. அவள் சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை என்பதால் அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

விலாவில் துளைகள் வந்தன. ராமாத்தாள்தான் முதுகு தேய்த்துவிடும்போது கண்டுபிடித்தாள், இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது, மிளகு அளவில் கறுப்புக் கறுப்பாக. மூச்சு அதன் வழியாகப் போய்வர ஆரம்பித்தபின் மூக்குக்கு வேலையில்லாமல் போயிற்று, தொண்டை வழியாகக் காற்று வராததால் குரலும் மெலிந்துபோயிற்று. "புழுவுக்கும் ஒம்பதுதான்" என்றாள் ராமாத்தாள், சொல்லிவிட்டு முதுகில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அவ்வளவுதான். ஊர் அதற்கு மேல் அலட்டிக்கொள்ளவில்லை. உடுமலைக்குத் தெற்கே மல்பெரித் தழையும் பட்டுப்புழுவுமாகப் பிழைக்கிற ஊர் அது, ஒவ்வொரு வெள்ளாமைக்கும் லட்சம் உயிர்கள் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுந்து தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர், அங்கே ஒரு பெண்பிள்ளைக்குத் தோல் கெட்டிப்பட்டுப் போனதை எவ்வளவு நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்? டவுனில் இருந்த தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு தோலுக்கு, இது தோலாக இல்லையே.

இந்த ஊரில் ஜுரம் என்றால் இரண்டு அர்த்தம் உண்டு, கதைக்கு அது வேண்டும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனுசனுக்கு உடம்பு சுட்டால் அதுவும் ஜுரம்தான். புழு தோலுரிக்கப் போகும்போது தீனியை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியபடி ஒருநாள் முழுக்க அசையாமல் கிடக்குமே, அதுவும் ஜுரம்தான். முன்பொரு காலத்தில் கொள்ளேகால் பக்கமிருந்து முட்டை கொண்டு வந்து கொடுத்தவர்கள் அந்தச் சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு புழு தன் ஆயுசில் நாலு ஜுரம் காணும், அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் பேய்த்தீனி தின்றுவிட்டுக் கூடு கட்டும். ஜுரத்தில் கிடக்கிற புழுவைத் தொடக்கூடாது, எழுப்பக்கூடாது, தழை போடக்கூடாது, வெளிச்சம் காட்டக்கூடாது, படுக்கையில் ஈரம் தங்காமல் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட வேண்டும், தானாக எழுந்திரிக்கும். கொறங்காட்டுவலசில் பேச்சு வராத பிள்ளைக்கும் இது தெரியும்.

பூங்கோதைக்கும் தண்டபாணிக்கும் தர்ஷிகா என்று ஒரே பெண், ஒன்பது வயது. ஓடு வருவதற்கு முந்தின கார்த்திகையில், பூங்கோதை தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் போய் நாலு நாள் தங்க வேண்டியிருந்தது, வீட்டில் புழு நாலாம் ஜுரத்துக்கு வருகிற சமயம், மனமெல்லாம் அங்கேயே கிடந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவின் சந்தடியில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போன் போட்டாள்.

"ஏனுங்க, எப்பிடி இருக்குது?"

"ஜுரத்துல படுத்திருக்குது. காலைல இருந்து ஒண்ணும் திங்கல."

"அப்பிடித்தான் இருக்கும். தொடாதீங்க, எழுப்பாதீங்க. வெளிச்சம் படாம சாத்தி வைங்க."

"ஒண்ணும் குடுக்க வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. ஒரு நா பட்டினி கெடக்கட்டும், தானா எந்திரிச்சுக்கும்."

அவள் புழுவைச் சொன்னாள். அவன் பிள்ளையைச் சொன்னான். எங்கள் பக்கத்தில் பிள்ளையும் அது, புழுவும் அது, படுத்திருக்குது என்றால் எது படுத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பதினாலு வருசமாக அந்த வீட்டில் எது எப்போது தின்ன வேண்டும், எது எப்போது தூங்க வேண்டும் என்பதை அவள்தான் சொல்லிவந்தாள், அவன் தட்டாமல் செய்துவந்தான், அன்றைக்கும் அப்படியே கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டிவிட்டு, தழை வெட்டப் போய்விட்டான். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தபோது பிள்ளையின் கைகால் சில்லிட்டிருந்தது, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. தூக்கிக்கொண்டு ஓடினான். டெங்கு என்றார்கள், ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள். அதற்கடுத்த நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளையைக் கொண்டு வந்து கிடத்தியபோது, கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த பூங்கோதை முதலில் பார்த்தது புழு வளர்க்கிற மனையைத்தான், பழக்கதோசம், கால் தானாக அங்கே போயிற்று. புழுக்கள் அப்போதுதான் ஜுரம் தெளிந்து தழையைத் தேடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. நேற்று வந்த ஜுரம். முந்தாநாள், அவள் போன் போட்ட அன்றைக்கு, புழுவுக்கு ஜுரம் இல்லை. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பிப் பார்த்தபோது வாசலில் தண்டபாணி நின்றுகொண்டிருந்தான், அவனும் கணக்குப் போட்டுவிட்டான் என்பது அவன் நின்ற நிலையில் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜுரம் என்ற சொல்லை எதற்கும் யாரும் சொல்வதில்லை. புழுவுக்கு வந்தால் ஒறக்கம் என்றார்கள். மனுசனுக்கு வந்தால் சொல்லாமலே விட்டார்கள்.

பூங்கோதை அழவில்லை. "அழுதுரு சாமி, அழுதுரு" என்று ராமாத்தாள் முதுகில் குத்தினாள், பதினாறாம் நாள்வரை குத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள். உள்ளே மரத்துப்போனது வெளியே வந்து சேர ஒன்பது மாதம் ஆயிற்று என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன், காரணம் கேட்டால் எனக்கும் தெரியாது.

ஓட்டோடு அவள் வாழப் பழகினாள், அவள் ஓட்டோடு ஊரும் பழகிற்று. ரேசன் கடையில் கைரேகை மிசின் அவள் விரலை ஒப்புக்கொள்ளவில்லை, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து அலுத்துப்போய், கடைக்காரர் ஒரு நோட்டில் "ரேகை இல்லை, ஆள் நேரில் உண்டு" என்று எழுதிக்கொண்டு அரிசி போட்டார். தென்னையில் கதண்டு கூடு கட்டினால் பூங்கோதையைக் கூப்பிட்டார்கள், அவள் ஏணியில் ஏறி இரண்டு கையாலும் கூட்டைப் பிய்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு இறங்குவாள், கதண்டுகள் கொட்டிக் கொட்டித் தோற்றுக் கீழே விழும். கல்யாண வீட்டில் கொதிக்கிற அண்டாவை நகர்த்தக் கூப்பிட்டார்கள். பிறகு பெண்கள் தனித்தனியாக வந்தார்கள், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் அவளிடம் சொன்னார்கள், குடிக்கிற புருசன், பேசாத மகன், கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளை படுகிற பாடு, எல்லாம் சொல்லி அழுது முடித்து, "உனக்கென்ன சாமி, உனக்குத்தான் ஒறைக்காதே" என்று சொல்லிவிட்டு லேசாக எழுந்து போனார்கள். உண்மையிலேயே அவளுக்கு உறைக்கவில்லை.

மாரியம்மன் நோம்பி வந்தது. பூவோடு எடுக்க வேண்டிக்கொண்டவர்களில் ஆறேழு பேர், எரிகிற சட்டியைக் கையில் ஏந்தப் பயந்துகொண்டு, எங்களுக்காகவும் சேர்த்துப் பூங்கோதையே எடுத்துவிடட்டும் என்று கேட்டார்கள். பூசாரிக்கு வந்ததே கோபம். "சுடாதவ எடுத்தா அதென்ன வேண்டுதல்? அதுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி வெச்சுக்கலாமே!" என்றார். பஞ்சாயத்துக் கூடிப் பேசி, பூசாரி சொல்வதே சரி என்று முடிவானது. பூங்கோதை கூட்டத்தின் பின்னால் நின்று, மற்ற பெண்கள் கை சிவக்கச் சட்டியை ஏந்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஆணியில் தர்ஷிகாவின் பள்ளிக்கூடப் பை தொங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்தச் சுவர்ப்பக்கமே பூங்கோதை போகமாட்டாள். இப்போது வாரம் ஒருமுறை அதை இறக்கித் தூசி தட்டி, உள்ளேயிருந்த பென்சில் டப்பாவைத் துடைத்து, பென்சில்களை எண்ணி வைத்து, திரும்ப மாட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. இதைவிடப் பெரிய சௌகரியம் உலகத்தில் வேறென்ன இருக்க முடியும் என்று நினைத்தாள். ஒரு நாள் அடுப்புத் தணலில் அவள் கை கிடப்பதைப் பார்த்துத் தண்டபாணி ஓடிவந்து எடுத்துவிட்டான், அவளுக்குத் தெரியவே இல்லை, யாரோ கையைப் பிடித்தார்கள் என்பதும் தெரியவில்லை, கை இடம் மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவன் தணலில் தண்ணீரை ஊற்றி அணைத்தான். பிறகு தழை வெட்டப் போய்விட்டான்.

பட்டு ஆபீசர் ஜெபசீலன் மாதாமாதம் புழு மனைகளைப் பார்க்க வருகிறவர், தூத்துக்குடிக்காரர், பூச்சிகளைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர். அவர் ஒரு நாள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவள் முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பார்த்தார், திருப்பிப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"ஒரு மயிரு கூட இல்லியேம்மா" என்றார், ஏதோ களவு போனதைச் சொல்கிற குரலில்.

"அதனால என்னுங்க சார்?"

"பூச்சிக்கு ஓடு ஒணராதும்மா. ஓட்டுல பொடிப் பொடியாத் தொளை இருக்கும், அதுல மயிரு மொளைச்சிருக்கும், காத்து பட்டா மயிரு ஆடும், அதை வச்சுத்தான் அதுக்குச் சூடு, குளிரு, தொடுதது எல்லாம் தெரியும். எறும்புக்குக்கூட இருக்கு. ஓடு மட்டும் இருந்து மயிரு இல்லாத ஜீவன நான் பாத்ததே இல்ல." கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு, "இன்னொண்ணும் சொல்லிருதேன். ஓடு வளராது. உள்ள இருக்கது வளரும்" என்றார்.

"எனக்கு முப்பத்தேழு வயசாகுதுங்க. இனி என்ன வளரப் போகுது?"

ஜெபசீலன் டீயைக் குடித்துவிட்டு அடுத்த மனைக்குப் போனார்.

ஓடு வந்து ஒரு வருசம் கழிந்து, தை மாதம் முதல் அது இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. அவள் சாப்பிட்டது கொஞ்சம்தான், உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது, இருந்தாலும் உள்ளே ஏதோ ஒன்று பருத்துக்கொண்டே போயிற்று, மாசியில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய மறுத்தன, பங்குனியில் குனியவே முடியவில்லை, பதினெட்டுத் துளைகளும் சுருங்கி மூச்சு ஊசி நுழைகிற அளவுக்குப் போய்வந்தது. வலி இல்லை, அதுதான் இல்லையே, ஆனால் கனம் இருந்தது. உட்கார்ந்தால் ஒன்பது வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கிற கனம். அது என்ன என்று பூங்கோதைக்குத் தெரியும், தெரிந்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் நாளை ஓட்டினாள். இந்த ஓடு கழன்றால் அது நேரே வந்து தன்மேல் விழும் என்றும் தெரியும். அதைவிட இதற்குள்ளேயே மூச்சு நின்றுவிட்டால் தேவலை என்று, பயமோ வருத்தமோ இல்லாமல், நாளைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசிக்கிற மாதிரி யோசித்தாள்.

சித்திரை பத்தாம் தேதி காலையில் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள், தலையைச் சற்றே மேலே தூக்கினாள், அப்படியே நின்றுவிட்டாள். சாப்பிடவில்லை, திரும்பவில்லை, கூப்பிட்டால் ஏனென்று கேட்கவில்லை. ராமாத்தாள் வந்து பார்த்தாள். முப்பது வருசம் புழு வளர்த்த கண் அது, ஒரே பார்வை போதும்.

"ஜுரத்துக்கு வந்துட்டா" என்றாள்.

ஊர் சுறுசுறுப்பாகிவிட்டது. இத்தனை நாள் இந்த விசயத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு இப்போது என்ன செய்வது என்று நன்றாகத் தெரியும். தண்டபாணியின் புழு மனை அப்போது காலியாக, கழுவிச் சுத்தமாக இருந்தது, நாலு பேர் கட்டிலோடு தூக்கி அவளை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கைகால் நனைத்தபிறகே உள்ளே போக வேண்டும் என்றார்கள். கட்டிலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். கோயில் ரேடியோவை நிறுத்தினார்கள், பிள்ளைகளை வேறு தெருவில் விளையாடச் சொன்னார்கள், ராமாத்தாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வந்தவர்களை எல்லாம் விரட்டினாள்.

"வயசுக்கு வந்தது ஒண்ணு, வாக்கப்பட்டது ஒண்ணு, புள்ள பெத்தது ஒண்ணு. இது நாலாம் ஜுரம். இதத் தாண்டிட்டாள்னா அப்பறம் பேய்த்தீனி திம்பா பாருங்க" என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். "ஆரும் தொடக்கூடாது. தொட்டீங்க, அவ்வளவுதான், கெட்டுப்போயிரும்."

யாரும் தொடவில்லை. தண்டபாணி மட்டும் ஒரு நாளைக்கு ஒரு தரம் உள்ளே போய்ச் சுண்ணாம்பு தூவிவிட்டு வரலாம் என்று அனுமதி. புழுவுக்கு ஒரு நாள் ஆகும், மனுசி பெரிய உடம்பு, இரண்டு நாள் ஆகலாம் என்றார்கள். மூன்றாம் நாளும் போயிற்று. பிடரியில் ஓடு வெடிக்கவில்லை. அவள் மூச்சின் சீழ்க்கை மட்டும் சன்னமாகிக்கொண்டே போயிற்று. ஊர் வாசலில் பொறுமையாகக் காத்திருந்தது.

உள்ளே பூங்கோதை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் ஏன் கழலவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பதினாலு வருசம் தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தவள் அவள். ஜுரத்துக்கு வருகிற புழு முதலில் தனக்குக் கீழே ஒரு மெல்லிய நூலை உமிழ்ந்து பாய் மாதிரி நெய்துகொள்ளும், அதில் காலைக் கோத்துக்கொள்ளும், அந்தப் பிடி இருந்தால்தான் பழைய தோலை அங்கேயே விட்டுவிட்டு முன்னால் நகர்ந்து வெளியே வர முடியும். ஜுரத்தில் கிடப்பதைத் தொடாதே என்று சொன்னதெல்லாம் அதற்காகத்தான். தொட்டால் பிடி விட்டுப்போகும், பிடி விட்டுப்போன புழு பழைய தோலுக்குள்ளேயே இறுகிச் சாகும். ஊர் தொடாதே என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பிடியை மறந்துவிட்டது. நானும்தான் மறந்தேன் என்று நினைத்தாள். வழுக்குகிற கையும் வழுக்குகிற காலுமாக, பிடிக்க ஒன்றுமில்லாமல் அந்த வெறுங்கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றிற்று. இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.

நாலாம் நாள் மத்தியானம் தண்டபாணி உள்ளே வந்தான். கைகால் நனைத்தான், சுண்ணாம்பு டப்பாவை எடுத்தான். சித்திரை வெயில், தகரக் கூரை, அவன் தோளில் கம்பளி. தூளைச் சல்லடையில் போட்டுத் தட்டும்போது அது சீராக விழவில்லை, கட்டி கட்டியாக விழுந்தது. அவன் கை ஆடிக்கொண்டிருந்தது. பல்லும் தந்தியடித்தது, அதை அவன் உதட்டைக் கடித்து மறைத்துக்கொண்டிருந்தான். தூக்கிய தலையை இறக்காமல் பூங்கோதை கண்ணைமட்டும் கீழே கொண்டுவந்து பார்த்தாள். இவனுக்கு என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் சொல்லக்கூடாத சொல். எவ்வளவு சூடு என்று தொட்டுப் பார்த்தால் தெரியும். அவள் தொட்டால் தெரியாது. புளியங்கொட்டைக்கு என்ன தெரியும்?

"ஏனுங்க" என்றாள். விலாத் துளைகளில் காற்றுப் போகிற சத்தம்தான் வந்தது, அவன் திரும்பினான்.

"பேசாத புள்ள. பேசக்கூடாது."

"கையப் புடிங்க."

"தொடக்கூடாது, கோதை."

"ஆரு சொன்னா?"

அவன் சல்லடையைக் கீழே வைத்தான். 

"நீதான் சொன்ன" என்றான். "அன்னைக்கி, போன்ல. தொடாதீங்க, எழுப்பாதீங்கன்ன. நான் தொடல. சாயங்காலமா ரெண்டு தரம் அம்மான்னு கூப்புட்டுச்சு. கதவுகிட்ட வரைக்கும் போனேன். நீ சொன்னியேன்னு தொறக்காம நின்னுட்டேன்."

"நான் புழுவச் சொன்னனுங்க."

"தெரியும். மக்கியா நாள் விடிஞ்சு புழு தலையத் தூக்கறதப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு." அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "நான் புள்ளயச் சொன்னேன், கோதை."

"எனக்கும் தெரியுமுங்க" என்றாள். "அன்னைக்கே தெரியும்."

பிடரியில் சட்டென்று ஒரு சத்தம் கேட்டது, கொட்டாங்குச்சியைக் கல்லில் போட்டால் கேட்கிற சத்தம். வாசலில் இருந்த ராமாத்தாளுக்கும் அது கேட்டது. "வெடிச்சிருச்சு, வெடிச்சிருச்சு" என்று அவள் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு கையும் புடிங்க" என்றாள் பூங்கோதை. "நீங்க இழுக்கப்படாது. சும்மா கெட்டியாப் புடிச்சுட்டு மட்டும் இருங்க. நானே வர்றன்."

அவன் சுண்ணாம்பில் முட்டி போட்டு, அவளுடைய கெட்டிக் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் வைத்து இறுக்கினான். அந்தப் பிடியை வைத்துக்கொண்டு அவள் பின்னால் நகர்ந்தாள், பிடரியிலிருந்து முதுகு நெடுக ஓடு பிளந்துகொண்டே போயிற்று, முதலில் தோள் வந்தது, பிறகு முழங்கை, பிறகு நெஞ்சு, மூன்று தகடும் விட்டுப்போன இடத்தில் காற்று முதன்முதலாகப் பட்டபோது அவள் வாயைத் திறந்து கத்தினாள், ஒன்றரை வருசத்துக்குப் பிறகு மூச்சு தொண்டை வழியாக வந்தது, ஊர் முழுக்கக் கேட்டது. தூவிய சுண்ணாம்பு எரிந்தது. கட்டில் கயிறு அறுத்தது. மடியில் கனத்துக்கொண்டிருந்தது எழுந்து நெஞ்சில் வந்து விழுந்தது. தர்ஷி, தர்ஷி, தர்ஷி என்று அவள் அழுதாள், அழ வேண்டிய நாளெல்லாம் விட்டுவிட்டு அழுகிற அழுகை, ஒரு நாள் அழுகைக்கு மேல் இன்னொரு நாள் அழுகையாக ஏறி ஏறி வந்தது. கடைசியாக விரல்கள் ஓட்டின் விரல்களுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தன. பச்சைப்பிள்ளை உள்ளங்கை மாதிரி இருந்தது, நிறையக் கோடுகளோடு.

தண்டபாணி அப்போதும் ஓட்டின் கைகளையே பிடித்துக்கொண்டிருந்தான், விடாமல் பிடித்திருக்கச் சொல்லியிருந்தாள் அல்லவா.

அவள் அந்தக் கையைக் கொண்டுபோய் அவன் நெற்றியில் வைத்தாள். சுட்டது. பால் குண்டாவைவிடச் சுட்டது, எடுத்துவிடலாம் போலிருந்தது, அவள் எடுக்கவில்லை.

"எத்தன நாளா?"

"மூணு நாளா."

"ஏனுங்க சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றான்.

பூங்கோதை கட்டிலின் தலைமாட்டில் கிடந்த சேலையை எடுத்து உடம்பைச் சுற்றிக்கொண்டாள். நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக உறுத்திற்று.

"ஜுரமுங்க" என்றாள். "உங்களுக்கு ஜுரம் அடிக்குது. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கதவைத் திறந்துகொண்டு, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, தெருவில் நின்றிருந்த கூட்டம் இரண்டு பக்கமும் விலகிற்று. "பச்ச ஒடம்பு, ஆரும் தொட்றாதீங்க" என்று ராமாத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்து கையை விரித்தாள். வெயில் ஊசி ஊசியாக இறங்கிற்று. ரோட்டுக்கு நூறு அடி, வழியெல்லாம் ஜல்லி, செருப்பு போடுகிற பாதம் இல்லை அது, அவள் ஒரு கல்லையும் தவறவிடாமல் மிதித்துக்கொண்டு அவனைத் தாங்கி நடத்திப் போனாள், போகிற வழியில் கல்லெல்லாம் சிவப்பாயிற்று.

"கோதை, காலப் பாரு சாமி, ரத்தம்" என்று ராமாத்தாள் பின்னாலேயே ஓடிவந்தாள். "வலிக்கலயா உனக்கு?"

"வலிக்குதுக்கா" என்றாள் பூங்கோதை. "சீக்கிரம் வண்டிய எடுக்கச் சொல்லுங்க."